சும்மா பார்க்க

சிறைச்சாலையின் மனு ஜன்னலில் கொடுக்கிற தாளில் ஐந்து கட்டங்கள் இருந்தன. கைதியின் பெயர், கைதி எண், பார்க்க வந்தவர் பெயர், உறவு, காரணம். முதல் நான்கையும் பிரேக்காரர் மளமளவென்று எழுதிவிடுவார். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். தாளைத் தூக்கிப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், பிறகு ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வார்த்தைகளைத்தான் எழுதுவார். சும்மா பார்க்க.

ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த காவலர் நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இப்படி எழுதுனா எப்படிங்க பெரியவரே? கேஸ் விஷயம், வீட்டு விஷயம்னு ஏதாவது போடுங்க. உள்ள இருக்கிறவனுக்கும் எந்திரிச்சு வர்றதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

"காரணம்னு ஒண்ணும் இல்லீங்களே."

"இல்லைன்னா உண்டாக்குங்க. இங்க பாதிப் பேர் அப்படித்தான் எழுதுறான்."

பிரேக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போய் மரப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அரை மணி நேரம் கழித்து அந்தத் தாள் திரும்பி வரும். ஓரத்தில் சிவப்பு மையில், பார்க்க விருப்பம் இல்லை என்று எழுதியிருக்கும். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பார். மாதத்தில் இரண்டாவது சனியும் நான்காவது சனியும் பார்வை நாள். ஐந்து மாதமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

அவருக்குப் பிரேக்காரர் என்று பெயர் வந்ததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருடமாகப் பட்டறையில் பிரேக் வேலை மட்டும் பார்த்தவர். இன்ஜின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். லைனிங் மாற்றி, டிரம்மைத் துடைத்து, ஆயில் ஊற்றி, குழாயில் இருக்கும் காற்றையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, கடைசியில் தானே ஏறி ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். சாவியைக் கேட்டு முதலாளியே வந்து நின்றாலும், "இன்னும் நிக்கலைங்க" என்றால் நிற்கவில்லைதான். உள்ளதைச் சொல்வதில் மனிதர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதனால் அவருக்கு மரியாதையும் உண்டு, கூட உட்கார்ந்து டீ குடிக்க ஆளும் கிடையாது.

காற்று எடுக்கிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்துப் பக்கம் இருக்கும் திருகைத் திறந்து மூட வேண்டும். மகனுக்குக் கால் எட்டிய நாள் முதல் பெடல் அவன் பொறுப்பு. அமுக்கு, பிடி, விடு. அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். அவன் வளர்ந்து ரொட்டிக் கம்பெனி வேனுக்கு ஓட்டுநராகப் போன பிறகும், வேன் பட்டறைக்கு வந்தால் பெடலில் அவன்தான் உட்காருவான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை அந்த வேனுக்குப் புது லைனிங் போட்டார்கள். சனிக்கிழமை விடிந்த நேரத்தில், இரவெல்லாம் நண்பர்களோடு குடித்துவிட்டு, கண்கூடச் சரியாகத் திறக்காமல் ரொட்டி ஏற்றிக்கொண்டு போன மகன், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் பெண்ணின் மேல் வேனை ஏற்றிவிட்டான். அந்தப் பெண் அங்கேயே இறந்துபோனாள். வேன் சுவரில் மோதி, பிரேக்கைச் சோதித்து எதுவும் சொல்ல முடியாதபடி நொறுங்கிப்போயிருந்தது.

வழக்கில் மகனுடைய வக்கீல் ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். பிரேக் பிடிக்கவில்லை. அப்படி ஒரு சந்தேகம் எழுந்தால் போதும், தண்டனை பாதியாகிவிடும். அதற்குப் பட்டறையில் பிரேக் பார்த்தவர் வந்து, சரியாக நினைவில்லை என்று சொன்னால்கூடப் போதும். பொய்கூட வேண்டாம், கொஞ்சம் மறதி போதும் என்றார் வக்கீல்.

பிரேக்காரர் கூண்டில் ஏறினார். முன்வரிசையில் இறந்த பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். துணிக்கு இஸ்திரி போடுகிறவர். முழங்கால்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோலக் காத்திருந்தார். பிரேக் போய்விட்டது என்றால் அவர் பிள்ளை யாராலும் சாகவில்லை, சும்மா செத்துப்போனாள் என்று ஆகிவிடும். பிரேக்காரர் மகனைப் பார்த்தார், அந்த மனிதரைப் பார்த்தார். "பிரேக் நல்லா இருந்துச்சு. நானே ஓட்டிப் பார்த்தேன். பெடல்ல உட்கார்ந்தது என் மகன்தான், அவனுக்கும் தெரியும்" என்றார்.

ஏழு வருடம். நீதிமன்றத்து வராந்தாவில் காவலர்கள் அழைத்துப்போகும்போது மகன் ஒரு நொடி நின்றான். "சாட்சி சொல்லிட்டீங்கள்ல. இனிமே நீங்க எனக்குச் சாட்சி மட்டும்தான்" என்றான். முதல் பார்வை நாளுக்குப் போனபோது, அப்படி ஒரு அப்பா எனக்கு இல்லை என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினான். பிரேக்காரருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தப்புச் செய்தவன் அவன், நான் போய்த் தொங்கணுமா, அவனாகக் கூப்பிடட்டும் என்று திரும்பி வந்தவர் நான்கு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை.

மனைவி போனாள். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக்கொடுப்பவள் அவள். மாதம் இரண்டு சனி, மழையோ வெயிலோ, தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் போவாள். மகன் அவளைப் பார்த்தான், பேசினான், அழுதான். அவள் திரும்பி வந்து எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துச் சொல்வாள். பிரேக்காரர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

தேவாலயத்தில் அவருடைய நிலைமை இன்னும் மோசம். தீர்ப்பு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தின் நடுவே, பெற்ற பிள்ளைக்காகக்கூடப் பொய் சொல்லாத ஒருவர் நம் சபையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. போதகர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுகிற சில பேச்சுகளுக்கு மனிதர்களைப் பிடித்து உதைக்கலாம். பிரேக்காரர் எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடினார். அதற்குப் பிறகு கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார ஆரம்பித்தார். 'எங்கள் பிதாவே' என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவர் உதடு மட்டும் அசையும். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தெரிந்தபோதே மிஞ்சிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றி, ஜன்னலோரமாகப் போட்டார்.

"என்னங்க, சனிக்கிழமை நீங்க போங்க" என்றாள் மனைவி.

"அவன் பார்க்க மாட்டான்."

"போங்களேன். நான் மூட்டுவலின்னு எழுதிப் போட்டிருக்கேன். கட்டியைப் பத்திக் காகிதத்துல எழுத மனசு வரல. நீங்க நேர்ல பார்த்து, பக்குவமா சொல்லுங்க."

"பார்த்தாத்தானே சொல்லுறதுக்கு? மனுவுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதிடுறேன், ஓடி வருவான்."

அவள் அவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். "என் நோயைத் தூண்டில்ல மாட்டிப் போடாதீங்க. அப்புறம் காலம் பூரா அவன் எனக்காகத்தான் வந்தேன்னு சொல்லுவான், நீங்களும் அதையே நெனச்சுக்கிட்டிருப்பீங்க. சும்மா போங்க. அப்பா வந்திருக்காருன்னு தெரியட்டும், அது போதும்."

அவர் போனார். சிவப்பு மையோடு திரும்பினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து, "பார்த்தீங்களா?" என்று குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் அவருக்கு நாக்கு புரண்டது. "பார்த்தேன். நல்லா இருக்கான். கொஞ்சம் எடை போட்டிருக்கான்" என்றார். ஏழு வருடச் சிறையிலிருந்து மகனைக் காப்பாற்ற ஒரு மறதியைக்கூடத் தராத மனிதர், கட்டிலில் கிடந்த மனைவிக்காக முழுப் பொய்யைச் சொன்னார். அதுவும் எவ்வளவு அசட்டுத்தனமான பொய்.

அதற்குப் பிறகு பொய் தானாக வளர்ந்தது. மகன் சிறைக்குள் நாற்காலி பின்னுகிறான். பல்வலி என்றான், சரியாகிவிட்டது. அம்மாவின் மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னான். பேருந்தில் திரும்பி வரும்போதே என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வருவார். நோயைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டால், அடுத்த முறை சொல்கிறேன், இன்று அவன் முகம் வாடியிருந்தது என்பார். "தாடி வெச்சிருக்கானா?" என்று ஒருநாள் கேட்டாள். "சேச்சே, மழுமழுன்னு இருக்கான்" என்றார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருகில் போனால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தாடி நெஞ்சு வரைக்கும் தொங்குதுன்னு போன மாசம்தான் எழுதியிருக்கான். அப்பா வந்தாரு, நான் பார்க்கலைன்னு முதல் வாரமே எழுதிட்டான்."

பிரேக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் கேட்ட?"

"இருபத்தொன்பது வருஷத்துல நீங்க புளுகி இப்பத்தான் பார்க்குறேன். நல்லா இருந்துச்சு." சிரிப்பு வலியில் போய் முடிந்தது. வலி அடங்குகிற வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படி அடங்குவதற்கு இப்போதெல்லாம் நெடுநேரம் பிடித்தது.

அன்று சாயங்காலம் அவர் வெகுநாளாக வயிற்றுக்குள் வைத்திருந்ததைக் கேட்டார். "கடவுளை எல்லாரும் அப்பான்னு சொல்றாங்க. நியாயம் தீர்க்குறவருன்னும் சொல்றாங்க. ஒரே ஆளு எப்படி ரெண்டா இருக்க முடியும்? நான் ஒருநாள் கூண்டுல ஏறி நியாயம் பேசினேன், அப்பா வேலை போயிடுச்சு."

"யாரு சொன்னா போயிடுச்சுன்னு?" என்றாள் மனைவி. "பின்னாடி நிக்கிற அவன் சைக்கிளுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிரேக் கட்டை மாத்துறீங்களே, யாரு ஓட்டுறா அதை? தேயவே இல்லாத கட்டையைக் கழட்டிட்டுப் புதுசு போடுறீங்க. நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் பேசினாள். "அவன் செஞ்சது தப்புன்னு உங்களை மாதிரி யாரும் சொல்லல. அவனுக்காக உங்களை மாதிரி யாரும் செத்துக்கிட்டும் இல்ல. கறைபடிஞ்ச கையோட இருக்கிற உங்களுக்கே இது முடியுதுன்னா, அவருக்கு முடியாதா?"

அவர் நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து அவள் காலில் போர்த்தினார்.

"போய்க்கிட்டே இருங்க. அவன் வரலைன்னாலும் போங்க. நம்மளப் பார்க்கக் கடவுள் அப்படித்தானே வந்துக்கிட்டிருக்காரு. என்னைக்காவது காரணம் எழுதிக் குடுத்திருக்காரா?"

அதற்கு அடுத்த பத்து நாளில் அவள் வேகமாகத் தேய்ந்தாள். மருந்து வேலை செய்யாமல் போனது. தலையணையைப் பல்லால் கடித்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை முதல் மகன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்து எழுந்து வந்து, "நான்தான், நான்தான்" என்றார். அது அவளுக்குப் போதவில்லை. புதன்கிழமை காலையில் அவர் சிறைக்கு ஓடினார். பார்வை நாள் இல்லை என்று வெளிக்கதவிலேயே நிறுத்திவிட்டார்கள். அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலதிகாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். விதி என்றால் விதி என்று முப்பத்தைந்து வருடம் வாழ்ந்த மனிதருக்கு, விதியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகத் தெரியவில்லை. ஒரு வெற்று மனுத்தாள் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். வீட்டு மேஜையில் வைத்து, தூண்டிலாவது ஒன்றாவது என்று ஐந்தாவது கட்டத்தில், தாய் மரணப்படுக்கையில் இருக்கிறார் என்று தெளிவாக எழுதினார். சனிக்கிழமை கொடுப்பதற்காக அதைச் சட்டைப்பையில் வைத்தார். வியாழக்கிழமை மத்தியானம் அவள் இறந்துபோனாள்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். அதுகூட முழுசாக இல்லை. வீட்டில் கூட்டம் சேர ஆரம்பித்ததும் அவர் பின்பக்கம் போய், சைக்கிள் நிற்கிற தகரக் கொட்டகைக்குள் நின்றுகொண்டு கடவுளைத் திட்டினார். பட்டறையில் முப்பத்தைந்து வருடம் காதில் விழுந்த, வாயில் மட்டும் வராத அத்தனை வார்த்தையும் வந்தது. நீயெல்லாம் ஒரு அப்பனா, சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க உனக்கு என்ன கேடு, பெத்தவளையும் பிள்ளையையும் பார்க்கவிடாத நீ யாருக்கு அப்பன் என்று கேட்டார். தகரத்தை ஓங்கிக் குத்தினார். யாரும் பதில் சொல்லவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. குத்திய கை வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தோளைப் பிடித்து அழைத்துப்போனார்.

சிறைக்குப் போதகர்தான் தொலைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் விடுவதாக, இரண்டு காவலர்களோடு அனுப்புவதாகச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்காமல் காத்திருந்தார்கள். நான்கு மணிக்கு வந்துசேர்ந்த வேனிலிருந்து மகன் இறங்கினான். தாடி உண்மையிலேயே நெஞ்சு வரைக்கும் இருந்தது. எடை ஒன்றும் போடவில்லை, எலும்பும் தோலுமாக இருந்தான். முன்பக்கமாகக் கைவிலங்கு, அதிலிருந்து ஒரு சங்கிலி காவலர் கைக்குப் போனது. பிரேக்காரர் ஐந்து வருடம் கழித்து மகனை முதல்முறையாகப் பார்த்தார்.

மகன் அம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தான். பெட்டியை மூடி இறக்கினார்கள். போதகர் ஜெபித்துவிட்டு முதல் பிடி மண்ணைப் போட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். மகன் குழிக்குப் பக்கத்தில் குனியப் போனபோது காவலர் சங்கிலியை இழுத்துக்கொண்டார். "ஓரத்துல குனியாத. மண்ணு சரியுது, விழுந்தேன்னா நான் பதில் சொல்லணும்" என்றார். அவன் குனிந்த மேனிக்கு நின்றுவிட்டான்.

பிரேக்காரர் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, விலங்கு போட்ட கைகளைச் சேர்த்துப் பிடித்து, அதில் வைத்தார்.

மகன் மண்ணைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "மூட்டுவலின்னு எழுதினாங்க" என்றான். "அஞ்சு மாசமா வாசல்ல வந்து உட்கார்ந்தீங்களே. அந்தத் தாள்ல ஒரு வரி எழுதியிருந்தா நான் வந்திருப்பேன். அம்மாவை உசுரோட பார்த்திருப்பேன். அன்னைக்குக் கூண்டுலயும் ஒரு வார்த்தை. இன்னைக்கும் ஒரு வார்த்தை."

சொல்லிவிட்டு, கையில் இருந்த மண்ணை அப்படியே அவர் முகத்தில் வீசினான்.

போதகர் ஓரடி முன்னால் வந்தார், காவலர் சங்கிலியைச் சுருட்டினார். பிரேக்காரருக்குக் கண்ணெல்லாம் மண், வாயெல்லாம் மண். சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. நேற்று முன்தினமே எழுதிவிட்டேன் பார் என்று எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அது இனி யாருக்கு என்ன பிரயோஜனம். மகன் கேட்டது நியாயம்தான் என்று அவருக்குத் தெரிந்தது. நேற்றுக் கொட்டகையில் நின்று தான் வீசிய வார்த்தையெல்லாம் யார் முகத்தில் போய் விழுந்திருக்கும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. முகத்தைத் துடைத்தால் துடைத்ததை மகன் பார்ப்பானே என்று துடைக்காமல் விட்டார்.

"சார், ரெண்டு நிமிஷம்" என்று காவலரிடம் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார். வீங்கிய கையால் சரியாக அள்ள வரவில்லை. அள்ளியதை மகன் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"என் மேல போடுறதுன்னா போடு. எத்தனை தடவைன்னாலும் அள்ளித் தர்றேன். ஆனா ஒரு பிடி அம்மாவுக்குப் போட்டுடு. அவ உன்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா."

விரலிடுக்கில் மண் உதிர்ந்தது. பாதி கீழே போக, மீதியைக் குழியின் பக்கமாக நீட்டி விட்டான். பெட்டியின் மேல் விழுந்த சத்தம் கேட்டது.

அவன் நிமிரவில்லை. கீழே பார்த்துக்கொண்டே, "வலிச்சுதா அம்மாவுக்கு?" என்றான்.

சுற்றி நின்றவர்கள் முகத்தில் எல்லாம் ஒரே பதில் தயாராக இருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒன்றும் தெரியவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறந்தும்விட்டார். மகன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க சொல்லுங்க" என்றான் அப்பாவிடம். "நீங்கதான் உள்ளதைச் சொல்லுவீங்க."

"வலிச்சுது."

"ரொம்பவா?"

"ரொம்பப்பா. கடைசி மூணு நாள் தாங்க முடியல அவளால."

மகன் அப்படியே முன்னால் சரிந்தான். காவலர் சங்கிலியைத் தளர்த்தினார். பிரேக்காரர் பிடிக்கப் போனார். அவன் தலை அவர் தோளில் இடித்து, அங்கேயே நின்றது. கட்டிப்பிடிக்க அவனுக்குக் கை இல்லை, இவருக்குத் துணிச்சல் இல்லை. விலங்கு இருவருக்கும் நடுவில் நெஞ்சில் அழுத்தியது. சத்தமில்லாமல் அழுதான். சின்ன வயதில் சத்தம்போட்டு அழுகிறவன், இப்படி அழ எங்கே கற்றுக்கொண்டான் என்று அவர் நினைத்தார்.

"நான் கடைசி வரைக்கும் உங்களைப் பார்க்கலைன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாங்க?"

"அவன் வரலைன்னாலும் போய்க்கிட்டே இருங்கன்னு சொன்னா."

காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று மெதுவாகத்தான் சொன்னார். மகன் தலையை எடுத்துக்கொண்டான். அழுத முகம் மறுபடியும் இறுகிப்போயிருந்தது. இரண்டு காவலர்களுக்கு நடுவில் வேன் வரைக்கும் நடந்தான். பிரேக்காரர் பின்னாலேயே போனார். யாரும் தடுக்கவில்லை.

படியில் கால் வைத்துவிட்டு மகன் திரும்பினான். "நீங்க வந்தாலும் நான் வெளிய வரமாட்டேன்" என்றான். "எனக்கு முடியல. பார்த்தாலே நீங்க அன்னைக்கு நின்ன கூண்டுதான் ஞாபகம் வருது."

"சரிப்பா, வர வேண்டாம்" என்றார் பிரேக்காரர். முகத்தில் மண் இன்னும் அப்படியே இருந்தது. "நாளைக்கு ரெண்டாவது சனிக்கிழமை. நான் வந்து உட்கார்ந்திருப்பேன்."